பெர்லினில் படிப்பு எளிது, அறைதான் அரிது

பெர்லின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. 1810இல் தொடங்கிய ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் சேரும் வெளிநாட்டு மாணவருக்கும் இது பொருந்தும். அரசு கல்வியைப் பொதுச் சொத்தாகப் பார்ப்பதன் பலன் இது, பாராட்டத்தக்கது. பருவந்தோறும் கட்டும் சிறு தொகையிலேயே ரயில், டிராம், பேருந்துப் பயணச்சீட்டும் அடங்கிவிடுகிறது.

செலவு வேறு வடிவில் வருகிறது. விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்கலாம்.

உண்மையான சோதனை அறை தேடுவதுதான். குடியேறிய இரு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்யச் சட்டம் கேட்கிறது. அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். உள்வாடகைக்கு அறை கொடுப்பவர்களில் சிலர் அதைத் தர மறுக்கிறார்கள். பதிவில்லாமல் வரி எண்ணும் வந்து சேராது. இந்த அவசரத்தைப் பயன்படுத்தி, அறையைக் காட்டாமலேயே முன்பணம் கேட்கும் மோசடிகளும் நடக்கின்றன. முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக்கூடாது என்ற சட்ட வரம்பு புதிதாக வருபவருக்குத் தெரிவதில்லை. சேர்க்கைக் கடிதத்துடனேயே இந்த விதிகளையும் எச்சரிக்கைகளையும் எழுதி அனுப்புவது பல்கலைக்கழகங்களின் கடமை.

செலவைச் சமாளிக்க, 2024 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். முதுகலைப் பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும், அலுவலகக் கடிதங்கள் ஜெர்மன் மொழியில்தான் வரும். பட்டம் பெற்றபின் வேலை தேட 18 மாதம் தங்கலாம்.