நாடா வெட்டியாச்சு, இரவு இரண்டு மணிக்கு ஆர் இருக்கினம்?

எங்கட ஊர் ஆஸ்பத்திரிக்கு என்ன வேணும் எண்டு கேட்டால் முதலில் வருகிற பதில் கட்டடம். இரண்டாவது மெஷின். இப்ப கொஞ்சக் காலமாக அந்த இரண்டாவது இடத்தில் ஒரு குறிப்பிட்ட பெயர் வந்து குந்திக்கொண்டிருக்கிறது: கத் லாப். கையிலோ தொடையிலோ உள்ள நாடி வழியாக மெல்லிய குழாயை இருதயம் வரைக்கும் விட்டு, சாயம் அடித்து, அடைப்பு எங்கே எண்டு எக்ஸ்ரேயில் பார்த்து, அதே இடத்தில் பலூனை ஊதி ஸ்ரென்ட் வைக்கிற அறை. "யாழ்ப்பாணத்துக்கு மட்டும் இருந்தால் போதுமா, எங்கட ஆதார வைத்தியசாலைக்கும் ஒண்டு வேணும்" என்ற குரலைத் தேர்தல் மேடையிலும் கேட்கலாம், புலம்பெயர்ந்த பழைய மாணவர்களின் இராப்போசனத்திலும் கேட்கலாம்.

இந்தக் கோரிக்கையைக் கேலி செய்ய நாங்கள் வரவில்லை. நகரத்துக்கு வெளியே இருக்கிறவனுடைய நெஞ்சும் நெஞ்சுதான். ஆனால் இது தவறான முனையிலிருந்து தொடங்குகிறது. அப்படித் தொடங்குவதால் காப்பாற்றக்கூடிய ஆக்கள் சாகக்கூடும் என்பதுதான் எங்கட வாதம்.

மாரடைப்பு எண்டால், இருதயத் தசைக்கே இரத்தம் கொண்டுபோகிற முடியுரு நாடியில் இரத்தக்கட்டி வந்து அடைப்பது. அடைத்த நிமிடத்திலிருந்து அந்தப் பக்கத்துத் தசை சாகத் தொடங்கும். செத்த தசை திரும்பி வராது. ஆகவே அடைப்பை எவ்வளவு கெதியாகத் திறக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திறக்க இரண்டு வழி. ஒன்று கத் லாப்பில் பலூன். மற்றது கட்டியைக் கரைக்கிற மருந்தை நாளத்தில் ஏற்றுவது. (எல்லா மாரடைப்புக்கும் இந்த மருந்து பொருந்தாது. ஈசிஜியில் ஒரு குறிப்பிட்ட பகுதி மேலே உயர்ந்து தெரிகிற, நாடி முழுதாக அடைபட்ட வகைக்குத்தான்.) ஐரோப்பிய இருதயவியல் சங்கத்தின் வழிகாட்டல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஈசிஜி பார்த்து மாரடைப்பு எண்டு தெரிந்த நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் பலூன் வைக்க ஏலுமெண்டால் அதுதான் சிறந்தது. ஏலாதெண்டால் காத்திருக்கக்கூடாது. 10 நிமிடத்துக்குள் கரைக்கிற மருந்தைத் தொடங்கிவிட்டு, பிறகு கத் லாப் உள்ள இடத்துக்கு ஆளை அனுப்ப வேணும்.

இந்த மருந்து ஏதோ ஏழைகளுக்கான இரண்டாந்தர வைத்தியம் எண்டு நினைக்கிறவர்களுக்கு 1988 ஆம் ஆண்டை ஞாபகப்படுத்துகிறோம். அந்த வருசம் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 நோயாளர்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தும் அஸ்பிரினும் இரண்டுமே கிடைக்காதவர்களில் ஐந்து கிழமைக்குள் இருதய, இரத்தக்குழாய்க் காரணத்தால் செத்தவர்கள் 13.2 சதவீதம். இரண்டும் கிடைத்தவர்களில் 8.0 சதவீதம். நூறு பேருக்கு ஐந்து உயிர். ஒரு சேலைன் போத்தல், ஒரு குளிசை, பக்கத்தில் நின்று பார்க்கத் தெரிந்த ஒரு ஆள். இதில் கட்டடம் எங்கே வருகிறது?

அந்தக் கடைசிச் சொல்தான் முக்கியம். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏறுகிறபோது பிறசர் விழலாம், இருதயத் துடிப்பு தடம் மாறலாம், இரத்தப்போக்கு வரலாம். முன்பு மூளையில் இரத்தக் கசிவு வந்தவருக்குக் கொடுக்கவே கூடாது. அதனால் மொனிட்டர் வேணும், சார்ஜ் ஏற்றி வைத்த டிஃபிப்ரிலேட்டர் வேணும், கேட்கவேண்டிய கேள்விகளை இரண்டு நிமிடத்தில் கேட்டு முடிவெடுக்கத் துணிவுள்ள வைத்தியர் வேணும், அந்த ஒரு மணித்தியாலமும் கட்டிலை விட்டு நகராத தாதி வேணும். பகல் பத்து மணிக்கு இதெல்லாம் இருக்கலாம். நாங்கள் கேட்பது இரவு இரண்டு மணியைப் பற்றி. ஈசிஜி எடுக்கத் தெரிந்தவர் அந்த நேரம் கடமையில் இருக்கிறாரா? எடுத்த ஈசிஜியைப் பார்த்துச் சொல்ல, போன் எடுத்தால் பதில் சொல்லுகிற இருதய நிபுணர் ஒருவர் ரோஸ்டரில் பெயரோடு இருக்கிறாரா? மருந்து அவசர சிகிச்சைப் பிரிவின் அலுமாரியிலேயே இருக்கிறதா, அல்லது திறப்பு வேறொருவரின் சட்டைப் பையில் இருக்கிற களஞ்சிய அறையிலா?

இதற்குப் பதில் இல்லாத இடத்தில் ஒரு பழக்கம் உருவாகும். "ஏத்தி விடு." நெஞ்சுநோ எண்டு வந்தால் ஒரு ஈசிஜி, ஒரு துண்டு, ஒரு அம்புலன்ஸ். மருந்து பெரியாஸ்பத்திரியில் பார்க்கட்டும். வைத்தியரைக் குறை சொல்லுவது லேசு. தனியாக நிற்கிற இளம் வைத்தியர், மருந்து கொடுத்து ஏதும் நடந்தால் தனக்குத்தான் விசாரணை, கொடுக்காமல் அனுப்பி வழியில் நடந்தால் அது விதி எண்டு கண்டுகொள்ளுகிற அமைப்பு ஒன்றுக்குள் நிற்கிறார். அந்த அமைப்பை மாற்றாமல் அவருக்குப் பக்கத்தில் கோடிக்கணக்கில் மெஷின் வாங்கி வைத்தால் அவர் அதே துண்டைத்தான் எழுதுவார்.

எங்கட பக்கத்திலும் பிழை இருக்கிறது, சொல்லத்தான் வேணும். நெஞ்சு இறுக்கினால் 'காஸ்' எண்டு சோடா குடிக்கிறது. விடியும் வரைக்கும் பார்ப்பம் எண்டு படுக்கிறது. வீட்டுப் பெண்கள் களைப்பு, சத்தி, முதுகுநோ எண்டு சொன்னால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம் எண்டு ஒருத்தரும் நினைக்காதது. சலரோகம் உள்ளவருக்கு நோ வராமலே மாரடைப்பு வரலாம் எண்டு தெரியாதது. பிறகு பதறிப்போய் பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி ஓட்டோவில் டவுனுக்கு ஓடுறது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018 இல் வடக்குக்கும் வந்துவிட்டது. காசில்லை, உள்ளே பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார். இருந்தும் ஓட்டோதான் முதலில் ஞாபகம் வருகிறது.

சரி, தூரத்தைக் கொஞ்சம் பார்ப்பம். சாவகச்சேரியிலிருந்தோ தெல்லிப்பழையிலிருந்தோ யாழ்ப்பாண நகரம் இருபது கிலோமீற்றருக்குள். அங்கே ஈசிஜி எடுத்தவுடனே போன் போய், நகரத்தில் கத் லாப் குழு தயாராகி, ஆளை வாட்டில் போடாமல் நேரே உள்ளே எடுத்தால் 120 நிமிடம் தாராளமாகக் காணும். அந்த இரண்டு ஊருக்கும் புதுக் கத் லாப்பை விட, இருக்கிற லாப் இருபத்துநாலு மணித்தியாலமும் ஓடுவதுதான் பெரிய வரம். முல்லைத்தீவு வேறு கதை. நூறு கிலோமீற்றருக்கு மேல். அங்கே மருந்து கொடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேணும், வேறு கணக்கே இல்லை. நெடுந்தீவை யோசியுங்கோ. குறிகட்டுவானுக்கு வரவே படகில் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம், அதுவும் கடல் சம்மதித்தால். நெடுந்தீவில் ஒருநாளும் கத் லாப் வராது, வரவும் தேவையில்லை. ஆனால் ஈசிஜியும் மருந்தும் மறுமுனையில் ஒரு நிபுணரின் குரலும் அங்கே இருக்க ஏலும். ஒரே மாகாணத்துக்குள் மூன்று வகையான தேவை. 'எல்லாருக்கும் ஒண்டு' என்ற கோஷத்துக்குள் இந்த மூன்றும் அடங்காது.

இது எங்கட கற்பனை இல்லை. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் செய்து பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் சிறிய ஆஸ்பத்திரிகளையும் கத் லாப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் வலையாகக் கட்டி, அம்புலன்ஸையும் ஈசிஜியையும் அதற்குள் இணைத்து நடத்திய திட்டத்தின் முடிவு 2017 இல் வெளிவந்தது. 2,420 நோயாளர்கள். ஒரு வருசத்துக்குள் இறந்தவர்கள் திட்டத்துக்கு முன் 17.6 சதவீதம், பின் 14.2 சதவீதம். ஆஸ்பத்திரிக்குள் நடந்த மரணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேணும், மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒரு வருசம் கழித்து உயிரோடு இருந்த ஆக்கள் கூட. அதைச் சாதித்தது ஊருக்கொரு லாப் இல்லை, ஊர்களுக்கிடையில் போட்ட ஒழுங்கு.

சிறிய ஆஸ்பத்திரியில் ஸ்ரென்ட் வைக்கவே ஏலாது எண்டு நாங்கள் சொல்லவில்லை. அமெரிக்காவில் இருதய சத்திரசிகிச்சைப் பிரிவே இல்லாத ஆஸ்பத்திரிகளில் இதைச் செய்தால் ஆபத்தா எண்டு 18,867 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2012 இல் வந்த முடிவு: ஆறு கிழமை மரணத்தில் அவை பெரிய ஆஸ்பத்திரிகளை விட மோசமில்லை. இதைத் தூக்கிக்கொண்டு வந்து "பாத்தீங்களோ" எண்டு கேட்பவர்கள் அடுத்த வரியையும் வாசிக்க வேணும். அந்த ஆஸ்பத்திரிகள் வருசத்துக்கு 200 பேருக்காவது செய்ய வேணும் எண்டும், தொடங்க முன் முறையான பயிற்சி முடிக்க வேணும் எண்டும் நிபந்தனை இருந்தது. கை பழகின வைத்தியர், பழகின தாதி, பழகின தொழில்நுட்பவியலாளர். கிழமைக்கு ஒருக்கால் மட்டும் திறக்கிற லாப்பில் கை பழகாது. நாலு லாப்புக்கு ஆளைப் பங்கு போட்டு நாலும் பகல் நாலு மணிக்குப் பூட்டுவதை விட, ஒன்று இரவும் பகலும் திறந்திருப்பது நல்லது. ஒன்று நிரம்பி வழிந்த பிறகு இரண்டாவதைக் கேட்போம். அப்ப நாங்களும் கோஷம் போட வருவோம்.

இன்னொன்று, மெஷின் ஒருமுறைச் செலவு. சாயம், வயர், பலூன், ஸ்ரென்ட் எல்லாம் ஆளுக்காள் செலவு, எல்லாம் இறக்குமதி. 2022 இல் டொலர் இல்லாமல் போனபோது பேராதனைப் போதனா வைத்தியசாலையே மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திய நாடு இது. அதற்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் விமானம் ஏறினார்கள் எண்டு எங்களுக்குத் தெரியும், எங்கட வகுப்பு வட்ஸ்அப் குழுவைப் பார்த்தாலே போதும். புலம்பெயர் உறவுகளிடம் நாங்கள் பணிவாகக் கேட்பது: நாடா வெட்டுகிற படமும் கல்வெட்டும் இல்லாத செலவுகளுக்கும் காசு தாருங்கோ. பயிற்சிக்கு, பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு, பழுதான மொனிட்டரைத் திருத்த. அன்பளிப்பில் வந்து பிளாஸ்டிக் உறையே கழட்டாமல் மூலையில் நிற்கிற சாமானை எங்கட ஊர்களில் தேடிப் போகத் தேவையில்லை.

யார் பொறுப்பு என்பதும் ஒரு பெரிய தலையிடி. 13 ஆம் திருத்தத்துக்குப் பிறகு ஆதார வைத்தியசாலைகள் பெரும்பாலும் மாகாணத்துக்குக் கீழ், போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சுக்குக் கீழ். மாரடைப்பு வந்தவர் இந்தக் கோட்டைத் தாண்டித்தான் போகவேணும், அவருடைய துண்டும் தாண்ட வேணும். இந்தப் பக்கத்து வைத்தியரும் அந்தப் பக்கத்து நிபுணரும் ஒரே அட்டவணையில் இருக்க வேணுமெண்டால் இரண்டு நிர்வாகம் ஒரு மேசையில் இருக்க வேணும். 2018 ஒக்டோபரில் வடக்கு மாகாண சபையின் காலம் முடிந்தபிறகு வருசக்கணக்கில் ஆளுநர் ஆட்சி. வாக்குக் கேட்டு வந்து "என்னண்டு அந்த மருந்து அங்கே இல்லாமல் போச்சு" எண்டு கேட்கப்பட வேண்டிய ஒரு மாகாண சுகாதார அமைச்சரே இல்லாத காலம் அது. மாகாண சபை வேணும் எண்டு எங்கட கட்சிகள் கதைக்கிறபோது இதையும் ஒருக்கால் கதைக்கலாம்.

இருதயத்தை மட்டும் பேசிக் காலை மறந்துவிடுகிறோம். அடைபடுகிற நாடி காலிலும் இருக்கிறது. சலரோகமும் புகைத்தலும் சேர்ந்தால் காலுக்குப் போகிற இரத்தம் மெல்ல மெல்லக் குறையும். புகையிலை விளைந்த மண், சுருட்டும் பீடியும் குடித்த அப்புமாரின் பேரப்பிள்ளைகள் நாங்கள், இது எங்களுக்குப் புதினம் இல்லை. நடந்தால் கெண்டைக்கால் இழுக்கும், நின்றால் விடும். வயசு எண்டு விட்டுவிடுவினம். பிறகு விரலில் ஒரு சின்னப் புண். செருப்பு வெட்டினது எண்டு நினைப்பினம். ஆறாது. கறுக்கும். விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. தோட்டம் செய்கிறவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் கால் போனால் உழைப்பும் போச்சு. இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணர் ஊருக்கொருவர் வரப்போவதில்லை. ஆனால் கால் நாடியைத் தொட்டுப் பார்க்கவும், கையடக்க டொப்ளர் ஒன்றை வைத்துக் கணுக்கால் பிறசரையும் கைப் பிறசரையும் ஒப்பிடவும், பத்துக் கிராம் நைலோன் இழையால் பாதத்தில் உணர்வு இருக்கிறதா எண்டு பார்க்கவும் பயிற்சி பெற்ற தாதி போதும். ஒவ்வொரு சலரோகக் கிளினிக்கிலும் சப்பாத்தைக் கழட்டச் சொல்லிக் காலைப் பார்த்தாலே எத்தனையோ கால்கள் மிஞ்சும். திடீரென்று ஒரு கால் குளிர்ந்து, வெளிறி, தாங்க ஏலாமல் நொந்தால் அது வேறு. கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம்தான் இருக்கிறது. அந்தக் காலுக்கும் மாரடைப்புக்குப் போட்ட அதே போன், அதே அம்புலன்ஸ், அதே ஒழுங்கு வேணும்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேலை. உங்கட ஊர் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில் யாராவது தெரிந்தவர் இருப்பார். அவரிடம் கேளுங்கோ: போன மூன்று மாதத்தில் எத்தனை பேர் மாரடைப்போடு வந்தினம்? வந்து எத்தனை நிமிடத்தில் ஈசிஜி? கரைக்கிற மருந்து எத்தனை பேருக்கு, எத்தனை நிமிடத்தில்? எத்தனை பேர் மருந்தில்லாமல் ஏற்றிவிடப்பட்டினம்? எத்தனை கால் வெட்டினது, அதில் எத்தனை பேருடைய கால் அதற்கு முந்தின வருசம் கிளினிக்கில் பார்க்கப்பட்டது? ஆக்களின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். பதில் இல்லை எண்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேணும். வருகிற பதிலை எங்களுக்கும் அனுப்புங்கோ. "எங்களிட்ட அந்தக் கணக்கு இல்லை" எண்டு வந்தாலும் அனுப்புங்கோ, அதையும் போடுவோம்.