காலால் அறிந்த கல்கத்தா

பிழைப்பை நாடி வடபுலம் போந்த நம்மவருக்குத் தாம் வாழும் நகரத்தில் நன்கு தெரிந்த வழிகள் மூன்றோ நான்கோதான். அலுவலகத்துக்கு ஒன்று, பிள்ளைகளின் பள்ளிக்கு ஒன்று, காய்கறிச் சந்தைக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. இருபது ஆண்டு கழித்தும் அந்த வழிகளிலேயே போய் வருகிறோம். எஞ்சிய நகரம் பேருந்தின் சன்னல் வழியே ஓடி மறையும் காட்சியாகவே நின்றுவிடுகிறது. இக்குறையை நண்பர் ஒருவர் இல்லத்தில் சில நாள் விருந்தினராய்த் தங்கியிருந்தபோது மிகவும் உணர்ந்தோம்.

நண்பர் இருப்பது கல்கத்தாவில். அரசு ஆவணங்களில் அந்நகரின் பெயர் 2001 முதல் கொல்கத்தா. நம் நாவில் இன்னும் பழைய பெயரே நிற்கிறது. ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட் பகுதியில் அவர் வீடு. வாழையிலையும் கறிவேப்பிலையும் வடிகட்டிக் காப்பிக்கு ஏற்ற தூளும் தட்டின்றிக் கிடைக்கும் பகுதி அது. நாற்பது ஆண்டாக அங்கே இருப்பவர் முட்டிவலியால் வெளியே செல்வதில்லை. “நகரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டுமானால் பேத்தியை அழைத்துச் செல்லுங்கள். அவளுக்கு வங்காளம் எழுதப் படிக்கத் தெரியும், தமிழ்தான் பேச மட்டும் வரும்” என்றார். சொல்லும்போது அவர் குரலில் சிறிது வருத்தம் இருந்தது. வீட்டை விற்றுவிட்டுத் தஞ்சைப் பக்கம் போய்விடலாமா என்ற பேச்சு அக்குடும்பத்தில் நடந்துகொண்டிருப்பதையும் அறிந்தோம்.

பன்னிரண்டு வயதுச் சிறுமி வழிகாட்டியானாள். காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ஏறினோம். 1984இல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஓடத் தொடங்கிய மெட்ரோ இந்நகரத்தினதே. சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி மேலே வந்தபின் முழுவதும் கால்நடைதான்.

புதிய ஊரில் நடப்பவனுக்கு முதல் தேவை முகமன் சொல். ஆடவரை ‘தாதா’ என்றும் பெண்டிரை ‘தீதி’ என்றும் அழைத்துவிட்டால் கல்கத்தாக்காரர் நின்று வழி சொல்கிறார். ‘ஷோஜா’ என்றால் நேரே. ‘டான்’ என்றால் வலப்புறம். இரண்டாவது தேவை எண்கள். வங்க எழுத்தில் நான்கு என்பது நம் கண்ணுக்கு எட்டாகத் தோன்றும். ஏழு என்பது ஒன்பதை ஒத்திருக்கும். இதை அறியாதவன் வேறு பேருந்தில் ஏறுவான், வேறு கதவைத் தட்டுவான். இவ்விரண்டையும் சிறுமி பத்தே நிமிடத்தில் நமக்குக் கற்பித்துவிட்டாள்.

பௌபஜார் என்று பழம்பெயர் பெற்ற தெருவில் கிழக்கு நோக்கி நடந்தோம். இன்று அது விபின் பிஹாரி கங்குலி தெரு. இருமருங்கும் பொன்நகைக் கடைகள். மண்குவளையில் தேநீர் விற்போர். நாம் தேடிச் சென்றது 210ஆம் எண். 1876இல் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவப் பெரியார் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் அங்கேதான் இருந்தது. 1907இல் கணக்குத் துறையில் அதிகாரியாக இந்நகருக்கு வந்த சர் சி. வி. இராமன், அலுவலக நேரம் போக எஞ்சிய காலையும் மாலையும் அச்சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917இல் அரசுப் பதவியை விடுத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். கே. எஸ். கிருஷ்ணனும் உடனிருந்து உழைக்க, 1928 பிப்ரவரி 28 அன்று அவர் கண்டறிந்த ஒளிச்சிதறலுக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. சங்கம் பின்னர் யாதவ்பூருக்குப் பெயர்ந்தது. இப்போது அவ்விடத்தில் வணிகவியல் கல்லூரி ஒன்று நடைபெறுகிறது.

சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் என்று பள்ளியில் படித்திருக்கிறாள். அது தன் ஊரில், இந்தத் தெருவில் நிகழ்ந்ததென்று அவளுக்கு எவரும் சொன்னதில்லை.

“அவர் தமிழரா, தாத்தா?”

“ஆம் அம்மா. திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர்.”

“அப்படியானால் எங்களைப் போல வேலைக்காக வந்தவர்தானே? எத்தனை வருடம் இருந்தார்?”

இடையில் சிறிது காலம் வேற்றூரில் பணிசெய்த போதிலும், 1933இல் பெங்களூருக்குச் செல்லும் வரை இந்நகரமே அவர் களமாக இருந்தது என்றோம். அவள் விரல்விட்டு எண்ணி, “எங்கள் தாத்தாவே அதிகம்” என்றாள்.

அங்கிருந்து வடக்கே திரும்பினால் கல்லூரித் தெரு. 1835இல் தோன்றிய மருத்துவக் கல்லூரி, 1857இல் தோன்றிய பல்கலைக்கழகம், எதிரும் புதிருமாய்ப் புத்தகக் கடைகள். நடைபாதைக் கடை ஒன்றில் அவள் பேரம் பேசி வங்க மொழிக் கதைநூல் ஒன்றை வாங்கினாள். பிறகு, தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் காப்பி விடுதியின் உயர்ந்த கூடத்தில் அமர்ந்து, அதில் ஒரு பக்கத்தைத் தமிழில் பெயர்த்துச் சொன்னாள். சொற்கள் சில இடங்களில் தடுமாறின, பொருள் தடுமாறவில்லை.

இரவு உணவின்போது தாத்தாவிடம் அன்றைய நடை முழுவதையும் அவளே சொன்னாள். நாற்பது ஆண்டு இருந்தவர் அத்தெருவிற்கு ஒருமுறையும் சென்றதில்லை. வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பது அவர்கள் குடும்பம் ஆய்ந்து முடிவு செய்யவேண்டியது. அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் அம்முடிவில் இந்தச் சிறுமிக்கும் ஒரு சொல் உண்டென்பதை மட்டும் நண்பரிடம் தனியே கூறினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, “தமிழ் எழுத்தை நானே கற்பித்திருக்கலாம். இனியும் கற்பிக்கலாம்” என்றார்.

நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது நம் கடன். அவர்கள் பிறந்து வளரும் ஊரை நாம் அவர்களிடம் கற்பதும் கடனே. வரும் விடுமுறையில் வேற்றூர் நண்பர் வீட்டிற்குச் செல்லும் அன்பர்கள், ஒரு நாளேனும் வண்டியை விடுத்து நடக்குமாறு வேண்டுகிறோம். அவ்வீட்டுச் சிறுவர் எவரேனும் முன்னே செல்லட்டும். குடிநீரும் குடையும் மறவாதீர். காலை வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். கண்டதை இப்பகுதிக்கு எழுதியனுப்பினால் மகிழ்வோம்.