வாகைக்குளத்திலிருந்து பீளமேடு, சென்னை வழியாக

மாண்புமிகு ஒன்றிய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

நேரடி விமானம் கேட்டு மனு எழுதிச் சலித்தவன் எழுதும் மடல் இது. 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு பதில் வந்தது, அதோடு சரி. எந்த அலுவலகம் என்று சொல்லி யார் பிழைப்பையும் கெடுக்க விருப்பமில்லை. சிறிய ஊர்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தின் விதிகளை நீங்கள் அறிவீர்கள். எனவே ஒரே ஒரு பயணத்தை மட்டும் சொல்கிறேன்.

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து கோவை பீளமேட்டுக்கு வான்வழியே ஏறத்தாழ 280 கிலோமீட்டர். ஏடிஆர் போன்ற சிறிய விமானம் ஒரு மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடும். ஆனால் நேரடி விமானம் இல்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் மாற வேண்டும். தூத்துக்குடி–சென்னை, சென்னை–கோவை இரண்டையும் கூட்டினால் 900 கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

என் அத்தைக்கு முழங்கால் அறுவை சிகிச்சை கோவையில் நடந்தது. மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். சாலை வழியே எட்டு மணி நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. விமானமே நல்லது என்று டிக்கெட் எடுத்தோம். பெட்டிகளையும் மாமாவையும் காரில் அனுப்பினோம். இருவரும் கிளம்பியது ஒரே காலையில். அத்தை சென்னையில் இறங்கி, சக்கர நாற்காலியில் காத்திருந்து, அடுத்த விமானம் தாமதமாகி, மறுபடி காத்திருந்தார். மாமா மதுரையில் சாப்பிட்டு, கோவை வந்து, விமான நிலைய வாசலில் இரண்டாவது டீயும் குடித்து முடித்த பிறகே அத்தை வெளியே வந்தார். மருத்துவர் வீட்டுக்குப் போய்விட்டார். "நான் என்ன மெட்ராஸ் பாக்கவாடே பொறப்பட்டேன்?" என்று அத்தை என்னைத்தான் கேட்டார். அந்தக் கேள்வியை உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

ஓடுபாதை போதாது என்று இனிச் சொல்ல முடியாது. வாகைக்குளத்தில் 1,350 மீட்டராக இருந்ததை 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறீர்கள். 2025 ஜூலையில் பிரதமரே வந்து புதிய முனையத்தைத் திறந்தார். கட்டடம் அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆள் வரமாட்டார்கள் என்பீர்களோ? திருப்பூர் பனியன் கப்பலேறுவது தூத்துக்குடித் துறைமுகத்தில். ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் தென்மாவட்டத்தார் போவது கோவைக்கு. ஒரு நாள் விடியற்காலையில் சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள், ஆள் இருக்கிறதா என்று தெரியும்.

தணிக்கைத் துறையின் 2023 அறிக்கையை நீங்கள் படித்திருப்பீர்கள். உடான் மூன்றாம் கட்டம் வரை ஒதுக்கிய 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. மூன்றாண்டுச் சலுகைக் காலம் முடிந்த பின்னும் ஓடிக்கொண்டிருந்தவை 54. வீட்டைக் கட்டிவிட்டுக் குடிவைக்க மறந்தது போலத்தான் இது. இப்படியிருக்க, 2025 பட்ஜெட்டில் இன்னும் 120 புதிய ஊர்கள், பத்தாண்டில் நான்கு கோடிப் பயணிகள் என்று அறிவிப்பு! அந்த நான்கு கோடிப் பேரும் சென்னை வழியாகவா, பெங்களூரு வழியாகவா?

செருப்புப் போட்ட ஏழையும் விமானம் ஏறுவான் என்றீர்கள். ஏறுகிறோம், ஐயா. ஏறினால் வேறு ஊரில் அல்லவா இறக்கிவிடுகிறீர்கள்? பக்கத்து மண்டலத்துக்குப் போகத் தலைநகரத்தின் காலில் விழுந்துவிட்டுப் போ என்பதற்கு ஒரு திட்டம், அதற்கு ஒரு பெயர், அதற்கு ஒரு விழா.

அமைச்சரே, 120 ஊர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ஓடுபாதை உள்ள இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சிறிய விமானம் விடுங்கள். முடியாதென்றால் அதையாவது எழுத்தில் சொல்லுங்கள். கார் வாடகை பேசிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தூத்துக்குடிப் பயணி ஒருவன்