காலி சீட்டுக்குக் கணக்கு உண்டா?

இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடித்து வைக்கிற கார் ஒன்றை ஒருவர் வாங்கினால் நீங்களும் நானும் என்ன சொல்வோம்? ‘ஊதாரி’ என்போம். அவரே நாலு கதவு, ஐந்து சீட், பெரிய டிக்கி உள்ள செடான் வாங்கினால்? ‘பொறுப்பான மனுஷன்!’

இந்தத் தீர்ப்பு தப்பு என்கிறேன். பி.காம். படித்த புத்தி, எதையும் பற்று வரவு எழுதிப் பார்க்காமல் விடாது. வாங்க, எழுதிப் பார்ப்போம்.

1989 பிப்ரவரியில், அமெரிக்காவின் சிகாகோ கார் கண்காட்சியில் ஜப்பானிய மாஸ்டா கம்பெனி தன் மியாட்டாவைக் காட்டியது. 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைசக்தி, எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. அப்போது அங்கே நடுத்தர வர்க்கத்தின் செல்லப் பிள்ளைகளில் ஒன்று ஹோண்டா சிவிக் செடான். அதன் எடையும் ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம்தான் மேலே.

செடானின் வரவுப் பக்கத்தை நான் மறைக்கப் போவதில்லை. மியாட்டாவைவிட அது பெட்ரோல் குறைவாகவே குடித்தது. குழந்தை குட்டிகளோடு ஊருக்குப் போகலாம். மியாட்டாவில் மூன்றாவது ஆளுக்கு இடமே கிடையாது. ஒரே ஒரு கார் வாங்க முடிகிற குடும்பத்திடம் போய் நான் அதைச் சிபாரிசு செய்தால் தாராளமாக அடிக்க வாருங்கள்.

ஆனால், அந்த ஐந்து சீட்டில் தினமும் உட்கார்ந்தது யார்? அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் கணக்குப்படி, 2019ல் அங்கே வேலைக்குப் போனவர்களில் நாலில் மூன்று பேர் தன்னந்தனியாகத்தான் வண்டி ஓட்டிப் போனார்கள். ஒரு ஆள், நாலு காலி சீட். இதற்குப் பேர் சிக்கனமா?

‘எப்பவாவது தேவைப்படுமே’ என்பீர்கள். கல்யாண மண்டபம்கூட எப்பவாவது தேவைப்படுகிறது. அதற்காக யாரும் மண்டபத்திலேயே குடியிருப்பதில்லை.

அந்த ‘எப்பவாவது’ செய்த வேலையைப் பாருங்கள். 2015ல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறை மியாட்டா சுமார் 1,060 கிலோதான். 2021ல் வந்த சிவிக் செடானோ 1,300 கிலோவைத் தாண்டிவிட்டது. நீளமும் ஒரு அடிக்கு மேல் கூடிவிட்டது. ஊதாரி என்று திட்டு வாங்கிய பிள்ளை உடம்பைக் கட்டுக்குள் வைத்திருக்கிறான். பொறுப்பான பிள்ளைக்குக் கால் டன் சதை! பாதுகாப்புக்காகக் கூடிய எடை என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். மியாட்டாவிலும் ஏர்பேக் இருக்கிறது.

இவ்வளவு வளர்ந்தும் செடான் போதவில்லை. ஜனங்கள் இன்னும் உயரமான, இன்னும் கனமான எஸ்.யு.வி.க்களுக்கு ஓட, வட அமெரிக்காவில் செடான்களையே கைவிடப் போவதாக 2018ல் ஃபோர்டு அறிவித்தது.

எல்லோரும் இரண்டு சீட் கார் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. பழைய மியாட்டாவும் பழைய சிவிக்கும் எதிரிகளே இல்லை. இரண்டுமே ஒல்லி. இரண்டுமே தேவைக்கு மேல் இரும்பைச் சுமக்கவில்லை. ஒன்றை ஊதாரி என்றும் மற்றதைப் பொறுப்பு என்றும் பிரித்தது நாம்தான். அந்தப் ‘பொறுப்பு’ என்ற பேரில்தான் அப்புறம் இவ்வளவு இரும்பும் ஏறியது.

நாளைக் காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது, முன்கண்ணாடியில் உங்கள் பின் சீட்டைப் பாருங்கள். யாராவது இருக்கிறார்களா?

இல்லையென்றால், பக்கத்து வீட்டுக்காரரை ஊதாரி என்று சொல்வதைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள்.