வலிக்காத வெளிச்சம்! கண் பத்திரம்!

ஓசூர் தொழிற்சாலையில் வெல்டிங் செய்கிறவர் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வேலையைத் தொடமாட்டார். சாமல்பட்டி, ஊத்தங்கரை பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். "வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்காதே" என்று பெற்றோர் சொல்லியே வளர்க்கிறார்கள்.

இப்போது வீட்டுக்குள்ளேயே இன்னொரு வெளிச்சம் வருகிறது. அதுதான் சிவப்பு விளக்குச் சிகிச்சை. முகச் சுருக்கம் போகும், முடி வளரும், மூட்டு வலி குறையும் என்று விளம்பரம் செய்கிறார்கள்.

அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. 1967-ல் ஹங்கேரி நாட்டு டாக்டர் எண்ட்ரே மெஸ்டர், முடி சிரைத்த எலிகள் மீது சிவப்பு லேசர் ஒளியைப் பாய்ச்சினார். முடி சீக்கிரமாக வளர்ந்தது. அன்று தொடங்கிய ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது.

ஆனால், தோலுக்கு ஏற்ற ஒளி கண்ணுக்கும் ஏற்றதாகுமா?

ஏன் ஆபத்து?

வெல்டிங் வெளிச்சம் பட்டால் சில மணி நேரத்தில் கண் எரியும். மணல் விழுந்ததுபோல் உறுத்தும். சிவப்பு ஒளி அப்படி அல்ல. அது நேரே உள்ளே போய் விழித்திரையில் குவிகிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. சில விளக்குகளில் அகச்சிவப்புக் கதிரும் உண்டு. அது கண்ணுக்கே தெரியாது. ஆகவே கண் கூசாது, இமையும் மூடாது.

சிறுமியின் கண்

சீனாவில் கிட்டப்பார்வையைக் குறைப்பதற்காக, குழந்தைகளைச் சிவப்பு லேசர் ஒளியை நேராகப் பார்க்க வைத்தார்கள். 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு 5 மாதத்தில் இரு கண்களிலும் பார்வை குறைந்தது. நிறுத்திய பிறகு ஓரளவு தேறியது. 2023-ல் டாக்டர்கள் இதை வெளியிட்டார்கள். அத்தகைய கருவிகளுக்குச் சீன அரசு 2024 ஜூலை முதல் கடும் கட்டுப்பாடு விதித்தது.

வீட்டில் வைக்கும் எல்.இ.டி. விளக்கு லேசர் அல்லதான். ஆனாலும் 2019-ல் நியூட்ரோஜினா கம்பெனி, பருவுக்கான தன் ஒளி முகமூடியைத் திரும்பப் பெற்றது. சில கண்நோய் உள்ளவர்களுக்கு அது கேடு செய்யலாம் என்பதே காரணம்.

செய்ய வேண்டியது என்ன?

கண்ணை மூடிக்கொண்டால் போதாது. மூடிய கண்ணோடு வெயிலைப் பார்த்து நின்றால் உள்ளே சிவப்பாகத் தெரிகிறதல்லவா? இமை சிவப்பு ஒளியை உள்ளே விடுகிறது.

விளக்குடன் வந்த காப்புக் கண்ணாடியை அணிந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. புத்தகத்தில் சொன்ன தூரம், சொன்ன நேரம். அதற்கு மேல் வேண்டாம். குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. கண்நோய் உள்ளவர்களும், வெளிச்சம் ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

பார்வை நடுவே கறுப்புப் புள்ளி தெரிந்தாலோ, நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ உடனே நிறுத்திவிட்டுக் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயன் என்ன? தொழிற்சாலையில் உள்ள கவனம் வீட்டிலும் இருக்கட்டும்!