பல்லுக்கும் ஒரு சீட்டு

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த ராட்சத டைனோசர் எலும்புகளுக்கு 1987-ல் 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். அந்த எலும்புகள் இன்று இல்லை; நொறுங்கிப் போயின. எஞ்சியவை குறிப்புகளும் படங்களும்தான். பதிவு இருந்ததால்தான் அதைப் பற்றி இன்றும் பேச முடிகிறது. தாடையில் டைட்டானியப் பல்வேர் பதித்துக்கொண்டவர்களில் எத்தனை பேரிடம் அப்படியொரு பதிவு இருக்கிறது?

டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. 1952-ல் சுவீடனின் லுண்ட் நகரில், ரத்த ஓட்டத்தைக் கவனிக்க முயலின் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பொருத்திய பிரோனேமார்க் என்ற ஆய்வாளர், ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தார், வரவில்லை. 1965-ல் மனிதரின் தாடையில் பதித்தார். அந்த முதல் நோயாளி 2006-ல் இறக்கும்வரை அது தாங்கியது.

எலும்பு தொடுவது உலோகத்தையல்ல, காற்றுப் பட்டதும் அதன்மேல் படியும் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலத்தை. ஆகவே தொழிற்சாலையில் பாதி வேலை மேற்பரப்பில்தான். டைட்டானியக் கம்பியைக் கடைந்து மரை வெட்டுகிறார்கள். அலுமினாத் துகளை வீசியடித்து, அமிலத்தில் தோய்க்கிறார்கள். கொத்தாத அம்மியில் மிளகாய் வழுக்கும். கொத்திய அம்மியில் பிடிக்கும். எலும்புச் செல்லுக்கும் அப்படித்தான். மூன்று முதல் ஆறு மாதம் காத்திருந்த காலம் போய், நல்ல எலும்பில் ஆறு முதல் எட்டு வாரத்தில் பல் கட்ட முடிவது இதனால்தான்.

ஆனால் நன்றாகக் கொத்தியதும் கொத்தாததும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். நோயாளி காதில் விழுவது விலை மட்டும். திருகு வரும் குப்பியில் நிறுவனம், விட்டம், நீளம், தொகுதி எண் எல்லாம் ஒட்டுச்சீட்டில் இருக்கும். அது மருத்துவரின் கோப்போடு நின்றுவிடுகிறது. பத்தாண்டு கழித்துத் திருப்பூரில் இருக்கும் மகன் வீட்டில் பல் ஆட்டம் கண்டால், அங்குள்ள மருத்துவர் எந்தத் திருகுளி எடுப்பார்? நிறுவனத்துக்கு நிறுவனம் இணைப்பு வேறு.

சீட்டு கொடுத்தால் விலை குறையுமா என்பார்கள். பெயர் தெரியாத பொருளுக்கு விலை ஒப்பிடவே முடியாது. செயற்கை முழங்கால் மூட்டுக்கு 2017-ல் உச்சவிலை வைத்த அரசு, 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளையும் மருந்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சீட்டின் ஒரு பிரதி நோயாளிக்கு என்று அதில் ஒரு வரி சேர்ப்பது பெரிய செலவல்ல. அதுவரை, பணம் கட்டும்போதே நாம் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்வோம்.