ஜீவகாருண்யமா? ஜாதி ஆசாரமா?

பேச்சிப்பாறைப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். அவர் வீட்டுப் பசு ஈன்ற காளைக்கன்றை, தீனி போட்டு வளர்க்க வகையில்லாமல், சென்ற மாதம் வியாபாரிக்கு விற்றுவிட்டாராம். தாய்ப்பசு இரண்டு இரவும் கன்று போன வழியைப் பார்த்துக் கத்திக்கொண்டே நின்றதாம். அதைப் பார்த்த அவருடைய சிறு பெண், "அப்பா, அதுக்கும் நம்மள மாதிரித்தானே இருக்கும்?" என்று கேட்டதாம். மறுநாள் கூலி வாங்கப் போன இடத்தில், மரக்கறி மட்டுமே உண்ணும் பெரிய மனிதர் ஒருவர், "மாட்டிறைச்சி தின்கின்ற உங்களுக்கு இரக்கம் எங்கே இருக்கப்போகின்றது?" என்றாராம். இது போதாதென்று, குலதெய்வக் கோவில் கொடைக்கு ஒரு கிடா வெட்டியே தீரவேண்டுமென்று உறவினர்களும் நெருக்குகின்றார்களாம். இவற்றிற்கெல்லாம் நமது இயக்கம் என்ன சமாதானம் சொல்லுகின்றது என்று கேட்கின்றார்.

வழக்கமாக இத்தகைய கேள்வி வந்தால் நாம் அந்தப் பெரிய மனிதருக்குப் பதில் சொல்லிவிட்டு, வெற்றி பெற்றதாக எண்ணிப் பேசாமலிருந்துவிடுவது உண்டு. ஆனால் அந்தக் குழந்தைக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆகவே அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

மிருகங்களுக்கு மனத்துயரம் உண்டா என்று அறிய எந்தச் சாஸ்திரத்தையும் புரட்ட வேண்டியதில்லை. மாடு வைத்திருக்கும் எவருக்கும் அது தெரியும். கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்துகின்ற வழக்கத்தை வாசகர்கள் பார்த்திருக்கலாம். பசு அந்த வைக்கோல் கன்றை நக்குகின்றது. மடியில் பால் இறங்குகின்றது. கன்றின் வாசனையும் தொடுகையும் பசுவின் மூளைக்கு எட்டி, ஆக்சிடோசின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலப்பதனாலேயே பால் இறங்குகின்றதென்று விஞ்ஞானம் சொல்லுகின்றது. பிள்ளை பெற்ற நம் தாய்மார்களுக்குப் பால் இறங்குவதும் அதே சுரப்பினால்தான். பசுவுக்குப் பாசம் கிடையாதென்றால் வைக்கோல் கன்று எதற்கு? பாசம் உண்டென்று தெரிந்துகொண்டுதானே மனிதன் அதை ஏமாற்றுகின்றான்?

அறிஞர் டார்வின், மனிதரும் மிருகங்களும் உணர்ச்சிகளை வெளியிடும் விதத்தைப் பற்றி 1872-லேயே ஒரு தனிப் புத்தகம் எழுதினார். 2001-ல் இங்கிலாந்தில் கீத் கெண்ட்ரிக் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும், ஒரு செம்மறியாடு ஐம்பது ஆடுகளின் முகங்களை இரண்டு வருஷங்களுக்கு மேலாகவும் நினைவில் வைத்திருக்கின்றதென்று சோதனை செய்து காட்டினார்கள். மந்தைப் புத்தி என்று நாம் வைகின்ற ஆட்டின் புத்தி இது! 2011-ல் பிரிஸ்டல் நகரத்துச் சர்வகலாசாலையில், குஞ்சுகளின் மேல் காற்றை ஊதித் தொந்தரவு செய்தபோது, பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கோழியின் இதயத் துடிப்பு ஏறியதைக் கண்டார்கள். உணர்வுக்கு வேண்டிய மூளையமைப்பு மனிதனுக்கு மாத்திரமல்ல, பாலூட்டும் பிராணிகளுக்கும் பறவைகளுக்கும் உண்டென்று 2012-ல் கேம்பிரிட்ஜில் கூடிய விஞ்ஞானிகள் பிரகடனமே செய்தார்கள். மாடு மனிதனைப்போலவே எல்லாவற்றையும் நினைக்கின்றது என்று நாம் சொல்லவரவில்லை. வலி, பயம், பிரிவு ஆகியவை அதற்கும் உண்டு என்பதே சங்கதி. ஆகவே அந்தக் குழந்தை கேட்டது முழு உண்மை.

இனி, கொடையைப் பார்ப்போம். கிடாவை மாலை போட்டு நிறுத்தி அதன் தலையில் தண்ணீரை ஊற்றுகின்றார்கள். அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டால், "ஆடு துலுக்கிவிட்டது, சாமி உத்தரவு கொடுத்துவிட்டது" என்கின்றார்கள். குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஆடு சிலிர்க்காமல் என்ன செய்யும்? சம்மதம் கேட்கின்றவன், ஆட்டுக்கும் ஒரு மனமுண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் கேட்கின்றான். ஆனால், "வேண்டாம்" என்று சொல்ல அதற்கு வழியில்லாத விதத்தில் கேட்கின்றான். இதனால் கடவுளுக்கு என்ன லாபம்? பேச்சிப்பாறையின் பெயரிலேயே ஒரு தெய்வம் இருக்கின்றது. ஆனால் நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் கொடுப்பது 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த அணைக்கட்டு. மிஞ்சின் என்ற எஞ்ஜினியரின் கணக்கினாலும், கல் சுமந்த தொழிலாளிகளின் பாட்டினாலும் அது நிற்கின்றதே ஒழிய, வெட்டிய கிடாக்களின் இரத்தத்தினால் அல்ல.

இனி, பெரிய மனிதரிடம் வருவோம். அவர் காலையில் குடித்த காப்பியில் இருந்த பால் எங்கிருந்து வந்தது? பசு கன்று ஈனாமல் பால் கிடையாது. ஈன்ற கன்றுகளில் ஏறக்குறைய பாதி காளைக்கன்று. உழவுக்கு இயந்திரமும், சினைக்கு ஊசியும் வந்துவிட்ட இக்காலத்தில் அக்காளைக்கன்றுகளும், பால் வற்றிய கிழப் பசுக்களும் எங்கே போகின்றன? பாலைக் குடிப்பவர் சுத்தர். மீதியைத் தின்பவர் அசுத்தர். இடையில் நின்று கன்றை விற்கும் ஏழை பாவி! இது எந்த ஊர் ஜீவகாருண்யம் என்று கேட்கின்றோம்.

சட்டங்களின் யோக்கியதையும் இதுவேதான். சென்னை மாகாணத்தில் 1950-ல் கோவில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கச் சட்டம் செய்தார்கள். 2003-ல் தமிழ்நாடு அரசாங்கம் அதைத் தீவிரமாக நடத்தப் புகுந்து, கிராமத்தார் கொதித்தெழுந்த பின் 2004-ல் சட்டத்தையே ரத்து செய்தது. பலியை நாமும் வெறுக்கின்றோம். ஆனால் அதே ஆட்டைக் கசாப்புக் கடையில் அறுத்தால் அச்சட்டம் கேட்காது. அப்படியானால் அது காத்தது ஆட்டையா, கோவில் ஆசாரத்தையா? 2017 மே மாதத்தில் மத்திய அரசாங்கம், மிருகவதைத் தடுப்பு என்ற பெயரால், சந்தையில் மாடு, எருமை, ஒட்டகங்களைக் கசாப்புக்கு விற்கக்கூடாதென்று விதி செய்தது. ஆடும் கோழியும் அதில் இல்லை. வலிதான் காரணமென்றால் ஆட்டுக்கு வலிக்காதா? அந்த மாதமே மதுரை ஹைகோர்ட் கிளை அவ்விதிக்கு இடைக்காலத் தடை போட்டதும், ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அத்தடையை நாடு முழுவதற்கும் நீட்டியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். மாட்டிறைச்சியைக் காரணமாக்கியே ஒரு கூட்டத்தைத் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கிவைத்தார்கள் என்று டாக்டர் அம்பேத்கர் 1948-ல் வெளியிட்ட புத்தகத்தில் வாதாடியிருக்கின்றார். ஒரு சமயத்தின் பெயரான "சைவம்" என்பது நம் நாட்டில் சாப்பாட்டின் பெயராகியிருப்பதே போதும். இங்கு சோற்றை வைத்து மனிதனைத் தரம் பிரிக்கின்றார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் இரக்கம் என்றாலே ஜாதி ஆசாரந்தான் என்றும் நாம் சொல்லக்கூடாது. அதே நாஞ்சில் நாட்டுச் சாமித்தோப்பில், 1809 முதல் 1851 வரை வாழ்ந்த வைகுண்டர், உயிர்ப்பலி வேண்டாமென்று சொன்னார். அவரை அவதாரமென்று நாம் ஒப்புக்கொள்ளவில்லை. என்றாலும், பலியை விடச் சொன்ன அதே வாயால் அவர் ஒடுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கவும் சொன்னார். எல்லா ஜாதியாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கச் செய்தார். ஆட்டுக்கு இரங்கியவர் மனிதனை மிதிக்கவில்லை. இரண்டும் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு இதுவே போதிய ருஜு.

நிற்க, நம்மவர்களின் குற்றத்தையும் சொல்லிவிடுவோம். மேல்ஜாதியார் ஜீவகாருண்யம் பேசுகின்றார்கள் என்பதற்காகவே நாம் அந்த வார்த்தையையே கேலி செய்து பழகிவிட்டோம். "செடிக்கும் உயிருண்டே, கீரையைப் பிடுங்கலாமா?" என்று மேடையில் கேட்டுக் கைதட்டு வாங்குகின்றோம். இது பகுத்தறிவாகாது. கீரைக்கு நரம்புமில்லை, மூளையுமில்லை. கத்தியைக் கண்டு அது கயிற்றை இழுப்பதுமில்லை. "புலி மானைத் தின்னவில்லையா?" என்கின்றோம். புலிக்கு வேறு ஆகாரமுமில்லை, யோசிக்கின்ற அறிவுமில்லை. எல்லா விஷயத்திலும் அறிவைக் கொண்டு நடக்கவேண்டுமென்று சொல்லும் நாம், இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் புலியைக் குருவாகக் கொள்வது வெட்கக்கேடாகும். நம் சாப்பாட்டைக் குறித்து நம்மை அதிகாரம் செய்ய எவனுக்கும் உரிமையில்லை என்பது சரியே. ஆனால் பிறர் அதிகாரம் செய்யக்கூடாது என்பதனால் நாமும் யோசிக்கக்கூடாது என்று ஆகிவிடாது.

அப்படியானால் செய்ய வேண்டியதென்ன? இறைச்சியும் முட்டையும் ஏழை உடம்புக்குப் பலம் கொடுக்கும் ஆகாரங்கள். 1989-ல் தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை சேர்ந்தது நல்ல காரியம். ஜீவகாருண்யம் பேசிக் குழந்தையின் தட்டிலிருந்து முட்டையைப் பிடுங்குகின்றவனை நாம் விரோதியென்றே கருதுவோம். ஆனால் அந்த முட்டையை இடும் கோழி, சிறகை விரிக்கவும் இடமில்லாத கம்பிக் கூண்டில் ஆயுள் முழுவதும் கிடக்கின்றது. முட்டையிடாத சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடுகின்றார்கள். இது தலைவிதியல்ல. ஐரோப்பிய யூனியன் அத்தகைய வெறுங்கூண்டுகளை 2012 முதல் தடுத்துவிட்டது. ஜெர்மனி சேவல் குஞ்சுகளைக் கொல்வதை 2022 முதல் தடுத்திருக்கின்றது. நம் நாட்டுச் சட்டக் கமிஷனும் 2017-ல் கோழிகளின் நிலைமையைச் சீர்திருத்த வேண்டுமென்று அறிக்கை கொடுத்தது. முட்டையும் வேண்டும், கூண்டும் ஒழியவேண்டும் என்று கேட்பதில் எவ்வித முரண்பாடும் கிடையாது.

நம் கண்ணெதிரிலேயே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. கோழிகளைக் காலைக் கட்டித் தலைகீழாக வண்டியில் தொங்கவிட்டுக்கொண்டு போவதும், மாடுகளை லாரியில் மூச்சுவிட இடமின்றி அடைத்து மலையாளத்திற்கு அனுப்புவதும், 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றங்கள். ஒரு மிருகத்தின் கண் எதிரில் மற்றொன்றை அறுக்கக்கூடாது என்று 2001-ல் செய்த விதி இருக்கின்றது. நம் ஊர்க் கசாப்புக் கடையில் அது நடக்கின்றதா என்று நாம் கேட்டதுண்டா? வாங்குகின்றவன் கேட்டால் விற்கின்றவன் செய்வான். வேறு ஆகாரத்திற்கு வசதியுள்ளவர்கள், தினந்தோறும் இறைச்சி வேண்டுமா என்று யோசிப்பதும் நல்லது. யோசித்து அடியோடு விட்டுவிடுகின்றவர்கள் இருந்தால், வலியை எண்ணி விட்டவர்களாயின், அவர்களை நாம் பாராட்டுகின்றோம். ஆனால் விட்ட மறுநாளே, விடாதவனுக்குத் தனிப் பந்தியும் தனித் தம்ளரும் வைப்பார்களானால், அவர்கள் விட்டது இறைச்சியை அல்ல, மனிதத்தன்மையையே என்று சொல்லுவோம்.

ஆகையால், பேச்சிப்பாறைத் தோழருக்கு நாம் சொல்லுவது இதுதான். உமது பெண்ணிடம், "ஆம், அதற்கும் நம்மைப்போலத்தான் இருக்கும்" என்று ஒளிக்காமல் சொல்லும். வறுமையினால் கன்றை விற்றதற்காக நீர் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் அடுத்த கன்றைத் தாயிடமிருந்து ஒரேயடியாகப் பிரிக்காமல், கூடியமட்டும் உடன் வைத்துப் படிப்படியாகப் பிரியும். பெரிய மனிதரிடம், அவர் குடித்த பாலுக்கு உரிய கன்று எங்கே என்று கேளும். கொடைக்குக் கிடா வேண்டாமென்று உறவினர்களிடம் கண்டிப்பாய்ச் சொல்லும். பசிக்காக ஒரு உயிரைக் கொல்லுவதற்கு ஒரு நியாயமாவது தேடலாம். பசியே இல்லாத கல்லுக்காகக் கொல்லுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. அந்தப் பணத்திற்கு உமது பெண்ணுக்குப் புத்தகம் வாங்கிக் கொடும். கேள்வி கேட்கத் தெரிந்த குழந்தை அது.